எண்ணிக்கொண்டே இருப்பது

உங்களிடம் பத்து லட்ச ரூபாய் இருக்கிறது. வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக மிச்சம். ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். (கற்பனைதானே, தாராளமாகவே இருங்கள்!) இரண்டு பேர் உங்களைத் தேடி வருகிறார்கள்.

முதலாமவர் சொல்கிறார்: "சார், கடலுக்கு அடியில பவளம் நடப்போறோம். ஒரே வருஷத்துல முடிச்சுடுவோம். போட்டோ, வீடியோ எல்லாம் குடுத்துடுவோம். வேணும்னா உங்க பேர்ல ஒரு பலகைகூட வெச்சுடலாம்."

இரண்டாமவர்: "சார், ஏற்கெனவே இருக்கிற பவளத்தை எண்ணப்போறோம். வருஷா வருஷம் அதே இடத்துல முங்கி, டேப் பிடிச்சு அளந்து எழுதி வைப்போம்."

"எத்தனை வருஷம்?"

"இருபது. முடிஞ்சா அதுக்கு மேலயும்."

"சரி, எண்ணி என்ன பண்ணுவீங்க?"

"மறுபடியும் எண்ணுவோம் சார்."

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், யாருக்கு செக் எழுதுவீர்கள்? நம்மில் பெரும்பாலோர் முதலாமவருக்குத்தான் எழுதுவோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நட்டது கண்ணுக்குத் தெரியும். இரண்டாமவருக்குக் கொடுத்தால் கிடைப்பது ஒரு நோட்டுப் புத்தகம். நம் ஊரில் அன்னதானம் உண்டு, ரத்த தானம் உண்டு, கண் தானம் உண்டு. எண்ணுவதற்கு ஒரு தானம் உண்டு என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் இரண்டாமவர் கேட்பது தானமே இல்லை, நாம் கொடுக்க வேண்டிய கடன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல் ஞாபகத்துக்கு வரும். அது வேறு வகை. ஆழம் குறைந்த கடலில் பாறை மாதிரிக் கிடக்கிற பவளத் திட்டு, உண்மையில் கோடிக்கணக்கான குட்டி உயிர்கள் சுண்ணாம்பில் கட்டிக்கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. அவற்றில் உருண்டை வகைகள் பலவும் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அந்த உயிர்களின் உடம்புக்குள் நுண்ணிய பாசி ஒன்று குடியிருக்கிறது. குடியிருக்க இடம் கொடுத்ததற்கு வாடகையாக, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. கடல் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி, சில வாரங்கள் அப்படியே நின்றுவிட்டால் பாசி வெளியேறிவிடும். நிறம் போய்ப் பவளம் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வெளுத்த பவளம் செத்த பவளம் என்று அர்த்தமில்லை. பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் சாகும். மே மாதம் ஒரே ஒரு தடவை முங்கிப் பார்த்தவர், "ஐயோ, எல்லாம் போச்சு" என்பார். இரண்டு வருடம் கழித்து முதல் தடவையாக வருகிறவர், பாசி மூடிக் கிடக்கிற வெறும் கல்லைப் பார்த்து, "இங்கே எப்பவுமே இப்படித்தான்போல" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் உண்மை தெரியாது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட திட்டுகளைப் பார்க்கத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-ல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பவளத்தை வெட்டிக்கொண்டு போனார்கள். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில், பவளத்துக்கும் இடம் கிடைத்தது. இதற்கிடையில் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்தத் திட்டுகளை வருடக்கணக்காக முங்கி அளந்து வருகிறார்கள். அதனால்தான் 2016 கோடையின் வெப்பத்தில் அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு விழுந்தது. முந்தைய எண் கையில் இல்லை என்றால் இந்த 23 ஒரு நல்ல செய்தியாகக்கூடப் படித்திருக்கும். "பரவாயில்லையே, கால்வாசிக்குக் கிட்டே உயிரோடு இருக்கிறதே!"

லட்சத்தீவு விஷயம் இன்னும் யோசிக்க வைக்கும். அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளின் திட்டுகளை ஆய்வாளர்கள் 1998-லிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். 24 வருடத்தில் பவளப் பரப்பு 37 சதவீதத்திலிருந்து 19-க்கு அருகே வந்துவிட்டது. 1998, 2010, 2016 என்று மூன்று பெரிய அடி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் எழுந்து நிற்கிற வேகம் குறைந்துகொண்டே போனது. ஆறு வருடமாவது வெப்பம் தாக்காமல் விட்டால்தான் பவளம் தேறும் வேகம் பிடிக்கிறது என்றும் தெரிந்தது. அந்த 'ஆறு' என்கிற ஒற்றை எண்ணைக் கண்டுபிடிக்க 24 வருடம் ஆகியிருக்கிறது. மூன்று வருடம் பார்த்துவிட்டு மூட்டை கட்டியிருந்தால் கிடைத்திருக்குமா?

மூன்று வருடம் என்று சும்மா சொல்லவில்லை. நம் நாட்டில் ஆராய்ச்சிக்குக் கிடைக்கிற நிதி பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். பிறகு புதிதாக விண்ணப்பம், புதிதாக ஒரு காரணம். "போன தடவை செய்ததையே இந்தத் தடவையும் செய்யப்போகிறோம்" என்று விண்ணப்பத்தில் எழுதிப் பாருங்கள், முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கண்காணிப்பு என்பதே போன தடவை செய்ததை இந்தத் தடவையும் செய்வதுதான்!

கம்பெனிகள் தரும் பணமும் இப்படித்தான். 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கிற நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களில் எத்தனையோ பேர் இந்தப் பணத்தைப் பொறுப்பாகச் செலவிடுகிறார்கள். ஆனால் 2021-ல் வந்த விதிப்படி, 'தொடரும் திட்டம்' என்றால் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று வருடத்தில் ஓர் உருண்டைப் பவளம் மூன்று சென்டிமீட்டர் வளரும். உங்கள் கட்டைவிரலில் பாதி.

மன்னார் வளைகுடாவுக்கே 2000-களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மூலம் சர்வதேச நிதி வந்தது. அதை நடத்த அறக்கட்டளை அமைந்தது. நல்ல காரியங்கள் நடந்தன. ஆனால் எந்தத் திட்டத்துக்கும் முடிவுத் தேதி உண்டு. கடலுக்குக் கிடையாது.

"சரிதான், நடுவில் ஒரு வருடம் பணம் வராவிட்டால் குடியா முழுகிவிடும்? அடுத்த வருடம் எண்ணிக்கொள்ளலாமே" என்று நீங்கள் கேட்கலாம்.

சார்லஸ் டேவிட் கீலிங் என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானி. 1958-ல் ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலை மேல் ஒரு கருவியை வைத்து, காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடாவதைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்த மேலேறும் கோட்டைக் காட்டாமல் பேச முடியாது. அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தால் 1964-ல் ஒரு சின்ன ஓட்டை தெரியும். கருவி பழுதாகவில்லை, எரிமலையும் வெடிக்கவில்லை. நிதியை வெட்டிவிட்டார்கள். இன்றைக்கு எத்தனை கோடி டாலர் கொண்டுவந்து கொட்டினாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. இந்த வருடம் கட்டாத பள்ளிக்கூடத்தை அடுத்த வருடம் கட்டலாம். 1964 மார்ச் மாதத்துக் காற்றை எந்த வருடம் போய் அளப்பது?

ஓட்டை விழுந்தால் அதில் மறதி வந்து குடியேறும். டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் சின்ன வயதில் பார்த்த கடலைத்தான் 'சரியான கடல்' என்று நினைத்துக்கொள்கிறது. தாத்தா பார்த்த கடல் அப்பாவுக்குக் கதை. அப்பா பார்த்தது மகனுக்குக் கதை. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ வலை பின்னிக்கொண்டிருக்கிற ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் இருக்கிற பேரன் சிரிப்பான். பெருசு அளக்கிறது என்பது அவன் எண்ணம். அவர் சொல்வது அத்தனையும் நிஜமாக இருக்கலாம். எழுதி வைக்கவில்லையே, எப்படி நிரூபிப்பார்?

இதே கடற்கரையில் எழுதி வைத்த ஒரு கதையும் உண்டு. சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதை 1970-களில் சில இளைஞர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து பார்க்க ஆரம்பித்தார்கள். 1988-லிருந்து மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஜனவரியிலிருந்து கோடை வரை, ஊர் தூங்குகிற நேரத்தில் மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடப்பது, முட்டைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுவது, செத்து ஒதுங்கியவற்றையும் கணக்கெடுப்பது. தெற்கே மாமல்லபுரம் பக்கம் மீனவ இளைஞர்களும் இதைச் செய்கிறார்கள். கடலுக்குள் விட்ட குஞ்சு பெரிதாகி முட்டையிடத் திரும்பி வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். விட்டவருக்கு அதற்குள் கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும்.

2025 ஜனவரியில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு மாவட்டக் கரை வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. செய்தியாயிற்று, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது, விசைப்படகுகளின் இழுவலை மேல் கேள்வி திரும்பியது. ஒரு விஷயத்தை யோசியுங்கள். செத்த ஆமை வருடா வருடம் ஒதுங்குவதுதான். அந்த வருடம் ஒதுங்கியது வழக்கத்துக்கு மாறானது என்று எப்படித் தெரிந்தது? இத்தனை வருடமாக யாரோ தூங்காமல் நடந்து எண்ணியிருக்கிறார்கள், அதனால் தெரிந்தது.

"பார்த்தீர்களா, சம்பளமே இல்லாமல் நடக்கிறதே, அப்புறம் நிதி எதற்கு?" என்று ஒரு குறுக்குக் கேள்வி வரும். மணலில் நடக்கக் கால் போதும். பவளம் பார்க்கப் படகு வேண்டும், டீசல் வேண்டும், முதுகில் காற்று சிலிண்டர் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். அவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு. நல்ல மனசை மட்டும் நம்பி ஒரு வேலையை இருபது வருடம் ஓட்டச் சொல்வது, அந்த நல்ல மனசுக்கு நாம் செய்கிற அநியாயம்.

இதற்கு வழியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளுடையவை. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றைக் கொண்டாடுகிறோம். அவற்றில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஆறு பேர், 360 நாள் பதவி. பிறகு வேறு ஆறு பேர். ஆள் மாறலாம், ஏரியைப் பார்த்துக்கொள்கிற வேலை நிற்கக் கூடாது. அந்த ஊர் ஏரியில் வருடந்தோறும் தூர் வாருவதற்காகப் பொன் கொடுத்து வைத்தவர்களும் உண்டு. பொன்னைச் செலவழிக்கக் கூடாது, அதன் வட்டியில் வேலை நடக்க வேண்டும்.

கோயிலில் நந்தா விளக்கு எரிக்கச் சோழர் காலத்தில் 96 ஆடுகள் கொடுப்பார்கள். அவற்றுக்குக் கல்வெட்டில் பெயர், 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடுகள்! ஆடு சாகாமல் இருக்குமா? ஒன்று போனால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும், 96 என்ற கணக்கு குறையக் கூடாது, தினமும் உழக்கு நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் முன்னோர்களுக்கு இரண்டு வகைக் கொடை தெரிந்திருந்தது. திருவிழாவில் வாணவேடிக்கைக்குக் கொடுப்பது ஒன்று. அணையாத விளக்குக்குக் கொடுப்பது இன்னொன்று. நாமோ இன்று விளக்குக்குக்கூட வாணவேடிக்கைக் கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, ஏன் அணைந்தது என்று ரிப்போர்ட் கேட்கிறோம்.

இனி, இருப்பதிலேயே கடினமான கேள்வி. "எண்ணினால் பிழைத்துவிடுமா? நோயாளி கட்டிலில் கிடக்கிறான், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சல் எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்!"

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 'இன்னும் ஆய்வு தேவை' என்கிற வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எத்தனையோ காரியங்களைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். எண்ணுவது செயலுக்கு மாற்று ஆகாது. ஆனால் எந்தச் செயல் பலித்தது என்று சொல்ல எண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. முதலாமவர் நட்ட பவளம் பத்து வருடம் கழித்து இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? அதற்கும் இரண்டாமவர்தான் வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஒரு கடலைப் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று அறிவிக்கும்போது நாம் யாரிடமிருந்தோ எதையோ வாங்குகிறோம். சென்னையில் உட்கார்ந்து படிக்கிற உங்களிடமிருந்தோ என்னிடமிருந்தோ இல்லை. ராமநாதபுரம் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடலில் இறங்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களிடமிருந்து; தீவுகளைச் சுற்றி வலை போட்ட நாட்டுப்படகுக்காரரிடமிருந்து. "இங்கே வராதீர்கள், கடல் தேறட்டும்" என்று அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னோம். 1986-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். "தேறிச்சா சார்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டாமா? "தெரியவில்லை, மூன்று வருடத்துக்கு மேல் பட்ஜெட் இல்லை" என்று சொல்ல எந்த முகத்தோடு நிற்பது?

ஆகவே பவளத்தை எண்ணுவதை ஆராய்ச்சி என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அது கணக்கு ஒப்படைப்பது. விலை கொடுத்தவர்களிடம் இன்று ஒப்படைக்க வேண்டிய கணக்கு. இன்னும் பிறக்காதவர்களிடம் நாளை ஒப்படைக்க வேண்டிய கணக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது! ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு கிராமத்துச் சபைக்கு, பொறுப்பு என்றால் கணக்கு என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

தமிழில் 'எண்ணுவது' என்ற சொல்லுக்குக் கணக்கிடுவது என்றும் அர்த்தம், நினைப்பது என்றும் அர்த்தம். ஒன்றை வருடா வருடம் எண்ணுகிறவர் அதை வருடா வருடம் நினைக்கிறார். எண்ணுவதை நிறுத்திய வருடத்தில் நினைப்பதையும் நிறுத்திவிடுகிறோம்.

அந்தப் பத்து லட்சத்துக்கு என் யோசனை ஒன்று. மொத்தமாக எடுத்துக் கொடுக்காதீர்கள். எங்காவது பத்திரமாகப் போட்டுவைத்து, வட்டியை மட்டும் வருடந்தோறும் தருகிற மாதிரி எழுதிவையுங்கள். பத்து லட்சம் இல்லையா? வருடத்துக்கு ஐந்நூறு ரூபாய் போதும், விடாமல் கொடுங்கள். உங்கள் கம்பெனியின் நிதிக் குழுவில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் "இது எப்போது முடியும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நாம் விட்ட பிறகு இதை யார் தொடர்வார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விதி மூன்று வருடம் என்றால், மூன்றாவது வருடமே அடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டு நகருங்கள். ஒரு ஆடு போனால் அதன் குட்டி.

பலகையில் உங்கள் பெயர் வராது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு வருடம் விடுபடாமல் இருக்கும்.